கஞ்சி போட்ட வேட்டி

அந்தப் பெண்ணை வெளிநாட்டில், மோர்னிங்சைட்டில் நான் குடியிருந்த கட்டடத்து லோண்ட்ரி அறையில் ஒரே ஒரு தடவைதான் சந்தித்தேன். தடித்த கண்ணாடி, முழங்கால் வரை தொங்கும் ஆண்களின் ஸ்வெட்டர். மெஷினில் போடுமுன் ஒவ்வொரு துணியையும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தில் தாவர நார்களை ஆராய்வதாகச் சொன்னாள். மறுநாள் கல்யாணத்துக்காக நான் வேட்டியை ஒரு வாளிச் சோற்றுக் கஞ்சியில் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், உந்தக் கஞ்சியும் வேட்டியும் ஒரே சீனிதான்," என்றாள்.

"பகிடி விடாதேங்கோ பிள்ளை."

"உண்மையா. குளுக்கோஸ் எண்ட சீனி கை கோத்து வரிசையா நிக்குது. கஞ்சியிலை எல்லாம் ஒரே பக்கமா நிக்கிறதாலை வரிசை சுருளும். எங்கடை வயிறு அதைப் பிரிச்சுப்போடும். பருத்தியிலை ஒண்டுவிட்டு ஒண்டு தலைகீழா நிக்குது. வரிசை நேராகி இறுகிப்போகும், வயிறு பிரிக்காது. மரமும் அப்பிடித்தான்."

வாளியைப் பார்த்தேன். உணவும் உடுப்பும் ஒரே தண்ணீரில் கிடந்தன.

ஊரில் போரால் சனம் இடம்பெயர்ந்து, வன்னிக் காட்டுக்குள் அரிசிக்கு ஏங்கிய காலம் அது.

"அப்ப அந்தச் சனத்தைச் சுத்தி நிக்கிற காடு முழுக்கச் சீனியோ?" என்று கேட்டேன்.

அவள் என் வேட்டிக் கரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஓம் அங்கிள். ஒரு திரும்பல்தான் வித்தியாசம்."

மறுநாள் பந்தியில் சோற்றுப் பருக்கை ஒன்று வேட்டியில் விழுந்தது. வெள்ளையில் வெள்ளையாய்க் கிடந்ததைத் தேடி எடுத்து, இனிக்கும்வரை மென்றேன்.