ஓடைக்கு எந்தக் கரை

என் கணவரும் என் அண்ணனும் ஒரே போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள்.

அண்ணன் சின்ன வயதிலேயே மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். அங்கே ஜப்பான்காரன் வந்த பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. செத்துவிட்டார் என்றே முடிவு செய்து அப்பா திதிகூடக் கொடுத்துவிட்டார். சண்டை முடிந்ததும் எனக்கு மத்தூர் பக்கம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பர்மா எல்லை வரை போய்த் திரும்பியவர். அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "பாலம் கட்டினேன்" என்பார். அதோடு சரி.

அடுத்த வருஷமே அண்ணன் உயிரோடு வந்து நின்றார். இந்தியாவை விடுவிக்க மலேயாவில் திரட்டிய படையில் சேர்ந்து, அதே பர்மா எல்லையில் வெள்ளைக்காரனோடு சண்டை போட்டிருக்கிறார். பிடிபட்டுச் சிறையிலும் இருந்திருக்கிறார். தங்கை புருஷன் யார் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"வெள்ளைக்காரன் சோறு தின்னவனுக்கா பொண்ணைக் குடுத்தீங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். அண்ணனைப் பார்க்க என்னோடு வந்து வாசலில் நின்ற என் கணவர் காதில் அது விழுந்தது.

"ஜப்பான்காரனுக்கு மூட்டை தூக்குனவரு பேசற பேச்சா இது?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. அண்ணனுக்கு ஓசூர் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டார். மூத்தவனுக்குக் காது குத்தியபோது என் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்து ஒப்பேற்றினோம். பெண்ணுக்கு மூன்று வயதானபோது நான் பிடிவாதமாக நின்றேன்.

"கூடப்பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தர் மடியில என் பொண்ணை வெக்க மாட்டேன்."

கணவர் இரண்டு நாள் யோசித்தார். "வரட்டும். நான் பேச மாட்டேன், அவரும் பேச வேண்டாம்" என்றார்.

அண்ணன் வந்தார். தட்டில் பட்டுப்பாவாடை, தோடு, வெல்லம், தேங்காய். கோயில் புளியமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தோம். கணவர் அடுப்புப் பக்கமே நின்றுகொண்டார். ஆசாரி வந்து சேரவில்லை. அவர் வந்து காது குத்தி முடிக்கிற வரை ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நான் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரையும் பார்த்தபடி இருந்தேன்.

கணவரின் பெரியப்பா சும்மா இருக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடி அண்ணனிடம் கேட்டார்: "ஏம்பா, அந்தச் சண்டையில ஜனம் அவ்வளவு செத்துச்சே, அதுல எது நியாயமான சண்டை?"

"எங்க சண்டைதாங்க" என்றார் அண்ணன், தயங்காமல். "ஜப்பான்காரன் வந்தப்ப தொரைமாருங்க எங்களைத் தோட்டத்துல உட்டுட்டு ஓடிட்டாங்க. நாங்க ஊருக்கு வழி கேட்டா, துப்பாக்கி புடிச்சுதான் போவணும்னு படைக்கு ஆள் சேக்கறவங்க சொன்னாங்க. புடிச்சோம். எங்க நாட்டுக்குப் புடிச்சோம். கூலிக்குப் புடிக்கல."

கணவர் அடுப்பிலிருந்து விறகை இழுக்கும் சத்தம் கேட்டது. 

அண்ணன் நிறுத்தவில்லை. படையில் கூட இருந்த ஒருவனைப் பற்றிச் சொன்னார். ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன், தோட்டத்துக் கூலிக் குடியிருப்பிலும் ஒரே லைன் வீடு. ஒரு விடியற்காலை மலையிலிருந்து இறங்கி ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போனார்களாம். முன்னால் போன அந்தப் பையன் கால் வைத்த இடத்தில் வெடித்துவிட்டது. "மண்ணுக்குள்ள பொதைச்சு வெச்சுருந்தாங்க. மூஞ்சியப் பாத்து சுட்டாக்கூட ஒத்துக்கலாம். இது என்னங்க சண்டை?"

"ஓடைக்கு எந்தக் கரை?"

கேட்டது என் கணவர். கையில் கரண்டியோடு வந்து நின்றிருந்தார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"மூங்கில் பொதர் இருந்துதா? எறங்கற பக்கமா?"

"மலையெல்லாம் மூங்கில்தான்." அண்ணன் எழுந்தார். "நீ அங்க என்ன வேலை பாத்த?"

"பாலம் கட்டினேன்." கரண்டியைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "வெடியும் பொதைச்சேன். சொன்ன எடத்துல எல்லாம் பொதைச்சேன். ஓடை ஓடையா. யாரு மிதிச்சாங்கன்னு திரும்பிப் போய்ப் பாக்கல."

 களத்து வரப்பில் சருகு கிடந்தால்கூட இவர் சுற்றிக்கொண்டுதான் போவார். குழந்தைகளையும் முன்னால் ஓட விட மாட்டார். பாம்புக்குப் பயம் என்று நினைத்திருந்தேன்.

அண்ணன் அவரை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அந்த நேரத்தில்தான் ஆசாரி, தெலுங்கில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சைக்கிளை ஓட்டி வந்து இறங்கினார். அண்ணன் திரும்பிக் கிணற்றடிக்குப் போனார். தாய்மாமன் இப்படியே போய்விட்டால் உறவு அதோடு முடிந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"புள்ளையக் குடு" என்றார்.

குழந்தை வீரிட்டு அழுதது. அண்ணன் அவள் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கணவர் அடுப்புக்கே திரும்பிப் போய்விட்டார். அண்ணன் இலையில் உட்கார்ந்தார், ஒரு வாய் சாப்பிட்டார், எழுந்து பஸ்ஸுக்குப் போனார்.

கேழ்வரகு அறுப்பு முடிந்த சமயம், ஒரு காலையில் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். என்னிடம் பேசாமல் நேராகக் கணவரிடம், "ஓடையில செத்தவனோட அம்மா இருக்காங்க. காய்ச்சல்ல செத்தான்னு சொல்லி வெச்சுருக்கேன். நெசத்தைச் சொல்லப் போறேன். வரியா?" என்றார். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அங்கே நடந்ததை அண்ணன்தான் பிறகு சொன்னார். அந்த அம்மா முழுக்கக் கேட்டார்களாம். "எதுக்குச் செத்தான்?" என்றார்களாம்.

"நாட்டுக்கும்மா" என்றிருக்கிறார் அண்ணன்.

"இவரு?"

"இவரும் அந்தச் சண்டைதான். அந்தப் பக்கம்."

அந்த அம்மா என் கணவரைப் பார்த்து, "நீ எதுக்குப் போன, சாமி?" என்று கேட்டார்களாம்.

"போகச் சொன்னாங்க, போனேன்" என்றவர், "அந்த வெடி நான்..." என்று ஆரம்பித்திருக்கிறார். அண்ணன் அவர் கையை அழுத்திப் பிடித்து, "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லாத" என்று நிறுத்திவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் ரெண்டு பேரும் வீட்டுக்குள் வரும்போதே சண்டைதான். இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது.

"என்னைப் பேச உட்டிருக்கணும்" என்று கத்தினார் கணவர்.

"பேசி? அந்தம்மா உன்னை மன்னிக்கணுமா? அதுக்கா கூட்டிட்டுப் போனேன்?"

"நியாயமான சண்டை, நியாயமான சண்டைங்கறியே, அதை ஏன் அந்தம்மாகிட்டச் சொல்லல?"

"நாட்டுக்குன்னு சொன்னேனே!"

"சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுகிட்ட. நான் பாத்தேன்."

 அந்தப் படையில் சேர்ந்தது தப்பு என்று அண்ணன் கடைசி வரைக்கும் சொன்னதில்லை. ஜப்பான்காரன் ஊருக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணவரும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். ரெண்டு பேர் சொல்வதிலும் எனக்கு நியாயம் தெரிந்தது. அந்த அம்மாவை நினைத்தால் எந்த நியாயமும் தெரியவில்லை.

நான் களி கிளறி எடுத்து வந்து ரெண்டு தட்டில் வைத்தேன். தட்டை இழுத்துக்கொண்டார்களே தவிர, வாக்குவாதத்தை நிறுத்தவில்லை.