மரநாய்களுக்கு ஒரு பங்கு

மகளை எல்கேஜியில் சேர்க்கும் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. பெற்றோர் இருவரும் இல்லாத நிலையில் பாதுகாவலர் யார்? மற்ற கட்டங்களைக் கால்மணி நேரத்தில் நிரப்பிவிட்ட எனக்கு, அந்த ஒன்றை நிரப்ப நான்கு நாள் ஆனது. கடைசியில் உம்மாவின் பெயரை எழுதினேன். விண்ணப்பம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. கேள்வி மட்டும் என்னோடு நின்றுவிட்டது. நான் இல்லாமல் போனால்? வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர் வேறொரு கல்யாணம் செய்துகொண்டால்? அவரைப் பற்றி அப்படி நினைத்ததற்காகவும் தனியாக வருத்தப்பட்டேன்.

தேங்காப்பட்டணத்தில் எங்கள் வீட்டை ஒட்டி, தென்னையும் பலாவும் நிற்கிற ஒரு விளை இருக்கிறது. வாப்பா உயிரோடு இருக்கும்போதே என் பெயருக்கு எழுதித் தந்தது. எனக்கென்று சொல்ல இருப்பது அதுதான். இணையத்தில் ஒரு மாதிரி உயிலைத் தேடிப்பிடித்து, கோடு போட்ட தாளில் அழகாக எழுதினேன். விளை முழுவதும் மகளுக்கு. அதற்குக் கீழே, கொஞ்சம் வெட்கத்தோடு இன்னொரு வரி: அதில் ஒரு சிறு பங்கு மட்டும் காட்டுயிர்களை மீட்டுக் காப்பாற்றும் ஓர் அமைப்புக்கு.

தக்கலையில் வக்கீலாக இருக்கும் என் பள்ளித் தோழியிடம் அதைக் கொண்டுபோனேன். அவள் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஏட்டி, இதை எங்கேருந்து காப்பியடிச்சே?”

“நெட்லேருந்து.”

“பத்தாங்கிளாஸ்ல என்னைப் பாத்து எழுதுனப்பவாவது கேள்வியை வாசிச்சிட்டு எழுதுவே. உங்க ஆளுகளுக்குள்ள சட்டம் வேறல்லா? இதுல முதல் வரி செல்லாது. ரெண்டாவது வரிதான் செல்லும்.”

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். எங்கள் முஸ்லிம் சட்டப்படி வாரிசுகளுக்கு உள்ள பங்கு முன்பே தீர்மானிக்கப்பட்டது. மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு மட்டும் உயிலில் கூடுதலாக எழுதிவைக்க முடியாது. வாரிசு அல்லாத யாருக்காவது, மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல், எழுதலாம்.

“நீ ஒத்த வரி எழுதாட்டாலும் பாதி உன் மகளுக்குத்தான். அதை நினைச்சு நீ உருக வேண்டாம். இனி அந்த அமைப்பு கதையைச் சொல்லு. என்ன பாவம் பண்ணினே?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஏனென்றால் அது பாவக் கணக்குதான்.

மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது வீட்டு மச்சில் தினமும் சத்தம் கேட்டது. தேங்காய் வெட்ட வந்தவர் ஏறிப் பார்த்து, “மரப்பட்டி குட்டி போட்டிருக்கு, மூணு கெடக்கு” என்றார். மரநாயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் இதுவா என்று நான் பதறிப்போனேன். அவர் “ஒண்ணும் செய்யாது, தானா போவும்” என்றுதான் சொன்னார். நான் கேட்கவில்லை. குட்டிகளை ஓர் அட்டைப்பெட்டியில் இறக்கவைத்து, விளையில் பலா மரத்தின் மூட்டில் வைக்கச் சொன்னேன். மகளுக்குக் கஞ்சி கொடுத்து முடிப்பதற்குள் மனது மாறிவிட்டது. யார் யாரையோ கேட்டு, அந்த அமைப்பின் எண்ணைப் பிடித்தேன். நாகர்கோவிலிலிருந்து இரண்டு பெண்கள் ஒரு ஸ்கூட்டரில் வந்தார்கள். அதற்குள் பெட்டியில் எறும்பு ஏறிவிட்டது. ஒரு குட்டி செத்துக் கிடந்தது.

அவர்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்ற இரண்டையும் துடைத்து, எறும்பை ஒவ்வொன்றாக எடுத்து, பெட்டியை மச்சுக்குப் போகும் ஓட்டை அருகே உயரத்தில் வைத்தார்கள். “தள்ளை வரும். நாம உள்ளே போயிருவோம்” என்றார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பொழுது சாயும் நேரத்தில் தாய் மரநாய் வந்தது. ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. திரும்பி வந்து இன்னொன்றைக் கொண்டுபோனது. பிறகு மூன்றாவது முறையும் வந்து, காலிப் பெட்டிக்குள் வெகுநேரம் முகர்ந்து பார்த்தது.

இதைச் சொன்னதும் தோழி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். “எதுக்காகக் குடுக்கேன்னு உயில்ல எழுத வேண்டாம். அதனால அழாதே” என்றாள்.

ஆனால் எனக்குள் விசாரணை முடியவில்லை. இது அன்பா, அபராதமா? எத்தனை மனிதக் குழந்தைகள் கஷ்டப்படும்போது மரநாய்க்கு எழுதுவது சரியா? அமைப்பைத் தொலைபேசியில் கேட்டேன். விளையின் அந்தப் பங்கை மரத்தோடு அப்படியே வைத்திருப்பீர்களா என்று. வாக்குக் கொடுக்க முடியாது, விற்று மற்ற வேலைக்குப் பயன்படுத்தவும் கூடும் என்று மறைக்காமல் சொன்னார்கள். முதலில் வீட்டில் பேசுங்கள் என்றும் சொன்னார்கள். எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் பொய் சொல்லாதவர்கள் என்று பட்டது. மூன்றில் ஒன்று எழுதலாம் என்ற இடத்தில் பத்தில் ஒன்று என்று முடிவு செய்தேன். அது கருமித்தனமா, ஜாக்கிரதையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். “மரப்பட்டிக்குப் பங்கு உண்டு. எனக்கு?” என்று சிரித்தார்.

“உங்களுக்குக் கால் பங்கு. நான் நினைச்சாலும் மாத்த முடியாது.”

“மாத்தப் பாத்தியா?”

பொய் சொல்ல வரவில்லை. பார்த்தேன் என்றேன். அவர், பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டார்.

உம்மாவிடம்தான் கடைசியில் சொன்னேன். உம்மாவும் வாரிசு, அவர் பங்கிலும் ஒரு துளி குறையும். தவிர, சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வைப்பது நல்லது என்று தோழி சொல்லியிருந்தாள். ஒருவராக உம்மாவை நினைத்திருந்தேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். பத்தில் ஒன்று, வாரிசு, பங்கு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். மரநாய்க்காகத் திட்டு விழும் என்று எதிர்பார்த்து, பதில்களையும் தயார் செய்து வைத்திருந்தேன்.

“எனக்கு எதுக்குட்டி ஒன் விளையில பங்கு?” என்றார்.

“சட்டத்துல அப்படி இருக்கும்மா.”

“அப்போ நீ எனக்கு முந்திப் போறதா வச்சுத்தான் இதெல்லாம் எழுதுதியா?”

மாதக்கணக்காக ஒரு தாய் இல்லாமல் போவதைப் பற்றியே யோசித்திருக்கிறேன். நானும் ஒருத்தியின் பிள்ளை என்பது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

“கொடுக்கணும்னா கொடு. மரப்பட்டிக்கோ பூனைக்கோ, ஒன் இஷ்டம். ஆனா ஒன் மவுத்துக்கு என்னைச் சாட்சி வைக்காதே மக்கா” என்று சொல்லிவிட்டு மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நான் வற்புறுத்தவில்லை. எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் நினைத்தேன். பிறகு தோழியின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருவர் சாட்சியாக, கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்றைக்கே பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

வாசலில் உம்மா மகளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எழுதியாச்சா?”

“எழுதியாச்சும்மா.”

“சரி. நான் உள்ள காலம் வரைக்கும் அந்தப் பேப்பருக்கு ஒரு வேலையும் வராம பாத்துக்கோ. கைகாலைக் கழுவிட்டு வா, சோறு ஆறுது.”