அம்மன் குடிவந்த மூன்றாவது போர்ஷன்

எனக்கு எழுபத்தாறு வயசு. வளர்த்தது ஐந்து பிள்ளைகள், மூன்று வாடகை வீடுகள். பிள்ளைகள் ஒரு வயசுக்கு மேல் தானாக வளர்ந்துகொண்டார்கள். வீடுகள் மூன்றும் இன்னும் அழுதுகொண்டேதான் இருக்கின்றன. ஒன்றில் ஓடு ஒழுகும், ஒன்றில் சாக்கடை அடைக்கும், ஒன்றில் அம்மன் இருக்கிறாள். அதைத்தான் எழுத வந்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும்.

என் வீட்டுக்காரர் மேஸ்திரி. கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, ஊரார் வீட்டையெல்லாம் கட்டி முடித்துவிட்டு, மண்டி மொஹல்லா சந்துக்குள் எங்களுக்கும் ஒன்று கட்டினார். முன்னால் நாங்கள். பின்னால் ரயில் பெட்டி மாதிரி மூன்று போர்ஷன். போர்ஷன் என்றால் ஒரு ரூம், அதன் மூலையில் அடுப்பு மேடை, அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே குழாய், ஒரே கக்கூஸ். வாடகை வந்தால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். நான் எங்கே உட்கார்ந்தேன்? குழாயடிச் சண்டைக்கு நான்தான் ஜட்ஜ். சுண்ணாம்பு அடித்த சுவரில் எவன் ஆணி அடித்தாலும் அது என் மண்டைக்குள்தான் இறங்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் பெரியவனுக்குக் குண்டலுபேட்டையில் பெண் பார்த்தோம். பெண்ணின் அம்மா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். முன்வீட்டில் இரண்டே ரூம், ஆள் ஏழு பேர்.

"எல்லாம் சரிங்க. கல்யாணமானா புள்ளைங்க ரெண்டும் எங்க படுக்கும்?" என்றாள்.

"பின்னால மூணாவது போர்ஷன் அவங்களுக்குத்தான். காலி பண்ணச் சொல்லிடறேன்."

"பண்ணினதும் சொல்லி அனுப்புங்க. அப்புறம் வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்" என்று போய்விட்டாள். ரூம் இல்லையென்றால் என் பையனுக்குப் பெண் இல்லை.

மூன்றாவது போர்ஷனில் ஒரு ஆட்டோக்காரனும் அவன் பெண்டாட்டியும் இருந்தார்கள். வாடகையை ஒழுங்காகக் கொடுக்கிறவன். அதுதான் தொல்லை. கொடுக்காதவனைத் திட்டி அனுப்பலாம், கொடுக்கிறவனை என்ன சொல்லி அனுப்புவது? நல்லபடியாகத்தான் கேட்டேன்.

"ஆஷாடம் ஓனரம்மா. இந்த மாசத்துல யாராச்சும் வீடு மாத்துவாங்களா?" என்றான்.

ஆஷாடம் நம் ஆடி மாதிரி, நியாயம்தான் என்று காத்திருந்தேன். ஆஷாடம் முடிவதற்குள் அவன் ரூமில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, வெள்ளியில் இரண்டு கண் ஒட்டிவிட்டான்.

"அம்மன் கனவுல வந்தாங்க ஓனரம்மா. இந்த இடம்தான் வேணும்னாங்க."

"இடம் என்னுது தம்பி. என் கனவுலயில்ல வந்து கேட்டிருக்கணும்?"

"நீங்க எங்க தூங்கறீங்க? எந்நேரமும் குழாயடியிலதானே நிக்கறீங்க!"

அந்த வெள்ளிக்கிழமையே, ஆஷாட வெள்ளிக்கு அம்மன் கோயில் மலை ஏற மூச்சு வாங்குகிறவர்கள் எல்லாம் என் மூன்றாவது போர்ஷனுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்துச் சந்து மாவு மில்லுக்காரம்மாதான் எல்லோருக்கும் தலைவி. மணி ஆட்டுவதும் அவள், பொங்கல் பங்கு வைப்பதும் அவள். குடித்தனக்காரன் பூசாரி ஆகிவிட்டான். இனி அவனைக் கிளப்பினால் அம்மனைக் கிளப்பினதாக ஊர் பேசும்.

"சாமி விஷயம், விட்டுரு" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குச் சுவர் கட்டத் தெரியும், சுவருக்குள் இருக்கிறவனை வெளியே கொண்டுவரத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் பூ வாங்கிக்கொண்டு போனேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மூலையில் சுருட்டி வைத்த பாய் கண்ணில் பட்டது.

"ஏம்மா, ராத்திரி எங்க படுக்கறீங்க?" என்று அவன் பெண்டாட்டியைக் கேட்டேன்.

"இங்கதான் ஓனரம்மா."

"ரெண்டு பேருமா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாவம், அம்மனுக்குக் கண்ணை வெள்ளியில வெச்சுட்டீங்களே. அவ நினைச்சாலும் மூட முடியாதே!"

மில்லுக்காரம்மா கையில் மணி நின்றுபோனது. "அய்யய்யோ! சாமி இருக்கிற ரூம்லயா?"

"நடுவுல துணி கட்டிக்கிறோம்க்கா" என்றான் அவன்.

"துணியா! அம்மனுக்குக் காது இல்லையா?" என்று நான் கேட்டேன்.

அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. பொம்பளைகளே பேசினார்கள். மில்லுக்குப் பின்னால் அவர்களே அவனுக்கு ஒரு ரூம் பிடித்துக் கொடுத்து, அவன் ஆட்டோவிலேயே சாமான் ஏற்றி அனுப்பினார்கள். கல்லை மட்டும் எடுக்க விடவில்லை. நட்ட சாமியை அசைக்கக் கூடாதாம். அவன் சிரித்துக்கொண்டே, "பத்திரமாப் பாத்துக்குங்க ஓனரம்மா" என்று போனான்.

கல்தானே, ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று குண்டலுபேட்டைக்குச் சொல்லி அனுப்பினேன். பெண்ணின் அம்மா வந்தாள். ரூமைத் திறந்து காட்டினேன். கும்பிட்டவள் கையைக் கீழே இறக்கவில்லை.

"தாயே! இதுலயாங்க புள்ளைங்களப் படுக்க வைக்கறது?"

விளக்கேற்ற வந்த மில்லுக்காரம்மா, "அதானே! வேண்டாம்னு இந்த ஓனரம்மாவேதான் எடுத்துச் சொன்னாங்க" என்றாள்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. பெண்ணின் அம்மா பையை எடுத்துக்கொண்டாள். விடுவேனா? அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் முன்வீட்டில் எங்கள் ரூமைத் திறந்தேன்.

"இது அவங்களுக்கு. நாங்க ரெண்டு பேரும் அம்மன்கிட்டப் போயிடறோம்."

மில்லுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வயசானவங்கதானே, பரவாயில்ல" என்றாள். எனக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. பையன் கல்யாணத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நாங்கள் பாயோடு மூன்றாவது போர்ஷனுக்குப் போனோம். ஊருக்கெல்லாம் ரூம் கட்டின மனுஷனுக்கு, பிள்ளைகள் காலடியில் உருளாத ஒரு ரூம் அன்றைக்குத்தான் கிடைத்தது. அம்மன் கண்ணுக்கு முன்னால் என் பழைய சீலை ஒன்றைக் கட்டினேன். காதுக்கு ஒன்றும் கட்டவில்லை. அவளுக்கும் பொழுது போக வேண்டாமா?

எழுதி முடிச்சாச்சு. பேரப்புள்ள கண்ணு, இங்க வா. உனக்குக் கன்னடம்தான் ஓடும், தமிழ் தடுக்கும், பரவாயில்ல. முதல்லயிருந்து எனக்குப் படிச்சுக் காட்டு. சீலை வர்ற இடத்துல மட்டும் உங்க தாத்தாவப் பாக்காமப் படி.