ஹாரன் அடிக்காத வண்டி

எங்கள் கடைவீதியில் எந்த நேரமும் ஏதாவது ஒன்று அலறிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை ஆனால் கீழேயிருந்து கார்கள் வரிசையாக ஏறி வந்துவிடும். அருவிக்கு எப்படிப் போவது என்று கேட்க என் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். இறங்கி வந்து கேட்டால் கால் தேய்ந்துவிடும் போல. எதிரே பலாமரங்கள் நின்ற இடத்தில் மூன்று மாடி லாட்ஜ் வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் கோழி சுடும் கடை. அந்தப் புகை வேறெங்கும் போகாது, நேராக என் படுக்கையறை ஜன்னலுக்குத்தான் வரும். கொல்லிமலையில் பிறந்து, கீழே போய்ப் படித்து, கலெக்டர் ஆபீசில் மனுக்களுக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்துவிட்டு, கடைசியில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று திரும்பி வந்தவன் நான். தூக்கம் ஒன்றைத்தான் கேட்டேன்.

எங்கள் வீதிக்கு ஒரு செய்திக் குழுவும் உண்டு. செல்போன் கடை வைத்திருப்பவன் வாட்ஸ்அப்பில் நடத்துகிறான். கரண்ட் எப்போது போகும், யார் வீட்டு ஆடு காணவில்லை, கிழங்கு மில்லில் இன்றைக்கு மரவள்ளி எடுப்பார்களா என்பதெல்லாம் அதில் வரும். அவற்றுக்கு நடுவே நூறு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வரும். அவன் ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபரும்கூட. அவனுக்குச் செய்தி கிடைக்கும், வாக்கியம் அமையாது. அதனால் எழுதியதை என்னிடம் கொண்டுவருவான், நான் திருத்திக் கொடுப்பேன். எந்த வாக்கியத்தைப் படித்தால் அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார் என்பது எனக்குத் தெரியும். நான் கற்ற தொழில் அது ஒன்றுதான்.

இனி அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாமக்கல்லிலிருந்து வரும் கடைசி பஸ் இரவு எங்கள் வீதியில் தங்கும். டிரைவரும் கண்டக்டரும் அதற்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். விடியற்காலையில் அதுதான் முதல் வண்டியாகக் கீழே இறங்கும். அதற்கு ஒரு நேரம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்துக்கு அது கிளம்பியதே இல்லை. பனி மூடியிருந்தால் வளைவுகளில் இறங்க முடியாது. பனி விலகினால் சீக்கிரம் கிளம்பிவிடும். ஆகவே டிரைவர் என்ஜினைச் சூடு பண்ணிவிட்டு நீளமாக ஹாரன் அடிப்பார். கீழே பள்ளத்தில், ஓடையைத் தாண்டி இருக்கும் வீடுகளில் செல்போன் சிக்னல் கிடையாது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அங்கிருந்து டார்ச் அடித்துக் காட்டுவார்கள். வெளிச்சம் தெரிந்தால் வண்டி நிற்கும். அவர்கள் வாழைத்தாரைச் சுமந்துகொண்டு சரிவேறி வந்து ஏறும்வரை நிற்கும். இது எந்த உத்தரவிலும் இல்லை. நான் பையனாக இருந்த காலத்திலிருந்து நடக்கிறது.

எனக்கு இது தெரியாமல் இல்லை. என் அப்பாவின் வீடும் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. அந்த ஹாரனைக் கேட்டு மேட்டில் ஓடித்தான் நான் கல்லூரிக்குப் போனேன். இப்போது வண்டி என் வாசலிலேயே நிற்கிறது. எனக்கு அந்த ஹாரன் தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு முழுவதும் லாட்ஜ் மாடியில் பாட்டு. அது ஓய்ந்து கண்ணயர்ந்தபோது வண்டி ஹாரன் அடித்தது. காலையில் செல்போன் கடைக்காரன் வேறு ஏதோ செய்தியோடு வந்தான். அதை அப்படி வை என்று சொல்லிவிட்டு, நானே ஒன்று எழுதிக் கொடுத்தேன். சுற்றுலாத் தலத்தில் ஒலி மாசு. விடியற்காலையில் அரசுப் பேருந்தின் தொடர் ஹாரனால் முதியோர், நோயாளிகள் அவதி. உரிய நடவடிக்கை எடுக்கப் பொதுமக்கள் கோரிக்கை.

"கார்காரங்களப் பத்தி எழுதலீங்களா சார்?" என்று கேட்டான்.

"அவனுங்க ஊர் ஊராப் போறவனுங்க. அவனுங்களை யார் போய்ப் பிடிக்கிறது? பஸ்ஸுக்கு டிப்போ இருக்கு, கேள்வி கேட்க ஆள் இருக்கு."

"அந்தப் பொதுமக்கள் யாருங்க சார்?"

"எழுதினதைப் போடு."

அந்தப் பொதுமக்கள் நான் ஒருவன்தான். நோயாளிகளும் நான்தான். எனக்கு லேசாகச் சர்க்கரை உண்டு.

செய்தி வந்தது. சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் என் பங்காளி மகனின் மனைவி வீட்டுக்கு வந்தாள். புருஷனை இழந்தவள். பள்ளத்து வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரோடு இருக்கிறாள். மிளகுக்காட்டிலும் கிழங்குக்காட்டிலும் கூலி வேலை. மறுநாள் நாமக்கல்லில் அவளுக்கு நேர்காணல். எங்கள் பக்கத்துப் பள்ளியில் சத்துணவு சமையலர் வேலை. வயது வரம்புக்குள் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது.

"கெடச்சிருமுங்களா மாமா?"

"உனக்குக் கிடைக்காம யாருக்குக் கண்ணு? முதல் வண்டியைப் பிடிச்சிரு. அடுத்த வண்டி நேரத்துக்குப் போய்ச் சேராது."

"முத வண்டிதானுங்க. ஹாரன் கேட்டா ஓடியாந்துருவேன். கெழவிக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்துட்டுத்தான் வரோணும்."

ஹாரன் என்ற சொல் என் காதில் விழுந்தது. நான் எழுதியதும் ஞாபகம் வந்தது. அரசாங்கம் அவ்வளவு சீக்கிரம் அசையாது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இருந்து பார்த்தவன் அல்லவா.

மறுநாள் காலை நான் அருமையாகத் தூங்கினேன். கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். உடம்பெல்லாம் லேசாக இருந்தது. என்ன ஒரு தூக்கம் என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தேன். பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடை பெஞ்சில், நல்ல சேலை கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். சேலைக் கரையெல்லாம் சேறு.

"வண்டி போயிருச்சுங்க மாமா. ஹாரனே அடிக்கலீங்க. கெளம்புற சத்தங்கேட்டு ஓடியாரேன், வளைவு திரும்பிப் போயிருச்சு."

டீக்கடைக்காரர் சொன்னார். "டிரைவருக்கு மெமோ வந்துருச்சாமுங்க. ஹாரன் அடிச்சா சஸ்பெண்டாம். எந்தப் புண்ணியவான் எழுதிப் போட்டானோ."

சட்டையை மாட்டிக்கொண்டு லாட்ஜுக்கு ஓடினேன். அங்கே ஒரு வாடகை ஜீப் இருந்தது. அதை மறித்து ஏழு கார்கள் நின்றன. கார்க்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் பையன், "கஸ்டமரை எழுப்பக் கூடாதுங்க சார், அவுங்க தூங்கறதுக்குத்தான் வாராங்க" என்றான். நான் கதவு கதவாகத் தட்டினேன். ஒருவர் அரைக்கால் டவுசரோடு வந்து, "அங்கிள், இதெல்லாம் நியூசன்ஸ்" என்றார். ஜீப் வெளியே வந்து அவளை ஏற்றிக்கொள்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

மலை இறங்கும் வழியில் ஒரு வேன். வளைவில் அதை நிறுத்திவிட்டு ஒருவர் தன் மனைவியைப் பள்ளத்தாக்கோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் கையைக் காட்டிவிட்டு இன்னொரு படம் எடுத்தார். "அடி, கையை எடுக்காம அடி" என்று கத்தினேன். என் பக்கத்தில் இருந்தவள் கவரை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது கூப்பிட்டு முடித்திருந்தார்கள். நான் யார், எந்த ஆபீசில் இருந்தேன் என்றெல்லாம் சொன்னேன். அங்கிருந்த இளம் அதிகாரி எழுந்து நின்று, மரியாதையாக நாற்காலி போட்டார். "சார், உங்களுக்குத் தெரியாததா? டைம் முடிஞ்சிருச்சு" என்றார். எனக்குத் தெரியும். இதே வார்த்தையை, இதே மரியாதையோடு, எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எந்தப் பள்ளத்திலிருந்து எப்படி ஏறி வந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். வளைவுகள் தொடங்கியதும் அவள் பேசினாள்.

"எவனோ பேப்பர்ல எழுதிப் போட்டானாமுங்க மாமா. அவன் ஊட்டுல ஒரு அவசரம்னு வந்தாத் தெரியும் அவனுக்கு."

பேசாமல் இருந்திருக்கலாம். பேச்சை மாற்றத் தெரியாதவனும் அல்ல. ஆனால் அவள் மடியில் அந்தக் கவர் இருந்தது.

"நான்தான் எழுதினேன் கண்ணு."

அவள் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகு நம்பினாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"நேத்துச் சாயங்காலம் எஞ் சர்ட்டிபிகேட்டெல்லாம் பாத்தீங்களே, அப்பவும் தெரியுமுங்களா?"

"தெரியும்."

கவரின் வாயை மடித்து மூடினாள். பிறகு, "இன்னிக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சுங்களா மாமா?" என்று கேட்டாள்.

வந்தது என்று சொல்ல முடியவில்லை. வரவில்லை என்றால் பொய். அவள் எழுந்து முன் சீட்டுக்குப் போனாள்.

மறுநாளே டிப்போவுக்குப் போனேன். ஹாரன் வேண்டும் என்றேன். "பொதுமக்கள்தானே சார் வேண்டாம்னாங்க" என்றார் மேலாளர். நான்தான் அந்தப் பொதுமக்கள் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்படியானால் ஊரே சேர்ந்து எழுதித் தரட்டும் என்றார். வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். லாட்ஜ்காரர், "இப்பத்தானுங்க கஸ்டமரு நல்லாத் தூங்கறாங்க" என்றார். கோழி சுடுகிறவர், "பள்ளத்துக்காரங்க ஒரு அலாரம் வாங்கிக்கட்டும்" என்றார். பனி எப்போது விலகும் என்று சொல்லும் அலாரம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று கேட்டேன். சிரித்தார். செல்போன் கடைக்காரனிடம் மறுப்பு ஒன்று போடச் சொன்னேன். "ஒரு தடவ போட்டதுக்கு மாத்திப் போட்டா எம் பேரு கெட்டுருமுங்க சார்" என்றான். சமையலர் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது என்ற செய்தியையும் அவன்தான் குழுவில் போட்டான். ரோஜாப்பூக்களுக்கு நடுவே அது வந்தது.

எழுதினால் நடந்துவிடும், எழுதியதை அழிக்கச் சொன்னால் நடக்காது. இதுவும் எனக்கு முன்பே தெரிந்ததுதான்.

அதனால் இப்போது நானே எழுந்திருக்கிறேன். என்ஜின் சத்தம் கேட்டதும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு போய், பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்து நின்றுகொள்கிறேன். என் பெரிய டார்ச்சைப் பள்ளத்தின் பக்கம் அடித்து ஆட்டுகிறேன். ஹாரனுக்குப் பதில் இனி இதுதான் அடையாளம் என்று பள்ளத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருக்கு உள்ளுக்குள் சம்மதம்தான். ஆனால் கண்டக்டர் புது ஆள்.

"ஏனுங்க பெரியவரே, ஏறுங்க, இல்லீன்னா எறங்குங்க."

"முட்டி வலிக்குதப்பா. மெதுவாத்தான் ஏறணும்."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க. அப்பறம் ஏறவே இல்ல."

"நேத்தும் வலிச்சுது."

"டைம் ஆவுதுங்க. நாளைக்கு எனக்கு மெமோ வந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"சொல்றேன். மெமோவுக்குப் பதில் எழுத என்னை விட்டா ஆள் கிடையாது."

அதற்குள் கீழே ஒரு வெளிச்சம் தெரியும். பிறகு இன்னொன்று. சில நாள் ஒன்றும் தெரியாது. அப்போது காலை எடுத்துவிடுவேன், வண்டி போய்விடும். பனி மார்பில் ஏறி இருமல் பிடித்திருக்கிறது. பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். அருவிக்கு வழி கேட்டு ஹாரன் அடித்து எழுப்புகிறார்கள்.

போன வாரம் குழுவில் ஒரு செய்தி வந்தது. முதியவர் ஒருவரால் முதல் பேருந்து தினமும் தாமதம், பயணிகள் அவதி, உரிய நடவடிக்கை எடுக்கப் பொதுமக்கள் கோரிக்கை. வாக்கியமெல்லாம் என்னுடையதேதான். கற்றுக்கொண்டுவிட்டான்.

நேற்று வெளிச்சம் ஒன்று மட்டும் ஏறி வந்தது. சரிவு முடிந்து பக்கத்தில் வந்த பிறகுதான் அவள் என்று தெரிந்தது. தலையில் வாழைத்தார், சந்தைக்குப் போகிறாள். பஸ்ஸில் வந்த அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்டக்டர் வழக்கம்போல் என்னைக் கடிந்துகொண்டிருந்தான். அவள் படிக்கு முன்னால் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தாள்.

"காலெடுங்க மாமா. ஏறோணும்."

எடுத்தேன். ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பிப் போயிற்று.