கட்டை விரல் எழுந்த காலை

எனக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தே தீருவேன் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். அம்மாவின் தம்பி, தொம்மலூரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். "பயப்படாதே குட்டி, நான் புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுவிட்டார். நேராகப் போய் இளநீர் வண்டியில் மோதி விழுந்தேன். இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒன்றாக இரண்டு கம்பி செருகினார்கள். வகுப்பில் எனக்கு ஏக மரியாதை. மாமாதான் பாவம், "புடிச்சிருக்கேன்னு சொல்லிட்டு விட்டவன்தானே நீ" என்று அம்மாவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கட்டுப் பிரித்த சில வாரங்களில் இடது கட்டை விரல் தொங்கிப்போனது. மடக்க வந்தது, நிமிர்த்த வரவில்லை. சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. சோம்பேறித்தனம் என்றாள் அம்மா. டாக்டர் பார்த்துவிட்டு, கம்பியின் முனை உரசி உரசி, விரலை நிமிர்த்துகிற தசைநாண் அறுந்துவிட்டது என்றார். சுட்டு விரலுக்கு அப்படி இரண்டு உண்டாம். ஒன்றை எடுத்துக் கட்டை விரலில் இணைக்கலாம், ஆனால் முழுசாகச் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அம்மா அங்கேயே அழுதாள்.

இரண்டாவது ஆபரேஷனும் முடிந்தது. இனி கட்டை விரலை எழுப்ப, சுட்டு விரலை நீட்டுவதாக நினைக்க வேண்டுமாம். "விரலுக்கு இன்னும் விஷயம் தெரியாது, நாமதான் சொல்லிக்குடுக்கணும்" என்றார் பயிற்சி கொடுத்த அக்கா.

மறுநாளிலிருந்து ஆபீசுக்குப் போகுமுன் மாமா வந்துவிடுவார். தோசைத் தட்டோடு என் எதிரில் உட்கார்ந்து, "சொல்லு குட்டி, உன் கையை ஒடைச்ச மண்டு யாரு? காட்டு" என்பார். நான் இடது கைச் சுட்டு விரலை நீட்டி அவரைக் காட்டுவேன். கட்டை விரல் அசையாது. "பரவால்ல, நாளைக்குக் கேக்குறேன்" என்று எழுந்துபோவார். பெரியவரை அனுமதியோடு தினமும் மண்டு என்று சொல்ல யாருக்குக் கொடுத்துவைத்திருக்கும்? எனக்கு ஒரே குஷி. கோபமாயிருந்த அம்மாவே ஒருநாள், "நல்லா காட்டுடீ" என்று சிரித்துவிட்டாள்.

மூன்று வாரமாகியும் பலனில்லை. "இனிமே வராதோ" என்று அம்மா அப்பாவிடம் முணுமுணுத்தாள். மாமா மட்டும் கேட்பதை நிறுத்தவில்லை.

ஒரு திங்கட்கிழமை, "மண்டு யாரு?" என்றார். நீட்டினேன். சுட்டு விரலுக்குப் பக்கத்தில் கட்டை விரல் நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றது. மண்டு என்று காட்டிய கையே சபாஷும் சொன்னது. அம்மா தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள், அப்பா விசிலடித்தார், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மாமா என் விரலை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். விளையாட்டில் தோற்றதற்கா இவ்வளவு பெரிய ஆள் அழுவார் என்று எனக்குப் பாவமாகிவிட்டது. "அழாதீங்க மாமா, நாளைக்கு நீங்க ஜெயிச்சிடுங்க" என்று தேற்றினேன். அத்தனை நாளும் அவர் அந்தக் கேள்வியை விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.