செக்கரும் ஓசியும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெரு அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிட்டது. ஆயுசு பூராவும் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்துவிடுவார். அந்தக் கண் மட்டும் ஓய்வு பெறவில்லை. பால்காரர் சிரித்தால்கூட, இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று முடிவு கட்டிவிடுவார்.

அவருடைய ஸ்கூட்டருக்கு அடியில் ஒரு கறுப்பு நாய் படுத்திருக்கும். தினமும் அவர் கையால் பிஸ்கட் தின்றுவிட்டு, மரியாதைக்குக்கூட வாலாட்டாமல் போகும். அதனால் ‘ஓசி’ என்று பேர் வைத்திருந்தார். அந்த ஓசிக்கு ஒரு நாள் மூக்கு ஒழுகி, கால் வெட்டி வெட்டி இழுத்தது. அவரே தூக்கிக்கொண்டு போய் நாய்க் காப்பகத்தில் சேர்த்தார். அடுத்த முறை போய்ப் பார்த்தால் கூண்டு காலி.

“ஒரு வீட்டுல வச்சுப் பாத்துக்கறாங்க சார்,” என்றாள் காப்பகத்துப் பெண், தரையைப் பார்த்தபடி.

“எந்த வீட்டுல?”

“அது... நல்லா இருக்கு சார். கவலைப்படாதீங்க.”

கொன்று புதைத்துவிட்டார்களோ என்று செக்கர் சந்தேகப்பட்டார். தெருவும் கூட்டுக் களவாணியாக நடந்துகொண்டது. இஸ்திரிக்காரர் பழைய போர்வைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டால் இருமினார். மருந்துக்கடைக்காரம்மா இவரைக் கண்டதும் ஊசிகளை மேஜைக்கு அடியில் தள்ளினாள். வீட்டிலோ அதைவிட மோசம். மனைவி தினமும் வேகவைத்த கோழியை டப்பாவில் போட்டு, “உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லீங்க, குடுத்துட்டு வரேன்,” என்று கிளம்பினாள். அக்கா பிறந்ததிலிருந்து முட்டையைக்கூடத் தொட்டதில்லை.

செக்கர் பின்னாலேயே போனார்.

அக்கா வீட்டுப் பின்னறையில் பினாயில் வாடை. இஸ்திரிக்காரரின் போர்வைமேல் ஓசி கிடந்தது. தலை நிற்காமல் வெட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் அதைத் தாங்கிப் பிடிக்க, காப்பகத்துப் பெண் வாயில் மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியா? மோப்பம் பிடிக்க உனக்கு இத்தனை நாளாச்சா?” என்றாள் அக்கா.

“எல்லாரும் சேந்து என்கிட்டயே மறைச்சீங்களா? நான் என்ன ஊரான் வீட்டு ஆளா?”

மனைவி டப்பாவைக் கீழே வைத்தாள். “காப்பகத்துல இருந்தா மத்த நாய்ங்களுக்கும் தொத்திக்குமாம். அதான் நாய் இல்லாத வீடா பாத்துக் கொண்டு வந்தோம். தெருவுல ஆளுக்கு ஒரு வேளை பாத்துக்கறோம்.”

“அதை எனக்குச் சொன்னா என்ன?”

“போன தடவை நீங்க பாத்துக்கிட்ட அந்த வெள்ளை நாய்க்குட்டி செத்தப்ப, சோறு தண்ணி இல்லாம கிடந்தீங்களே. இது பொழச்சா காட்டலாம்னு இருந்தோம்.”

செக்கருக்கு அழுகை முட்டியது. தெரு முழுக்க அவரைப் படித்து வைத்திருக்கிறது. அவர்தான் ஒருத்தரையும் படிக்கவில்லை. வெட்கத்தை மறைக்க மருந்துப் புட்டியைப் பிடுங்கி, காலாவதித் தேதியைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினார். ஓசி மோந்தது, தின்ன முடியவில்லை. வால் நுனி மட்டும் லேசாக அசைந்தது.

“பொழச்சிடுமாம்மா?”

“பொழச்சிடும் சார்,” என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்தபடி.

அந்த மாதிரி முகம் அவருக்குத் தெரியும். எத்தனை பஸ்ஸில் பார்த்திருப்பார்! இந்தத் தடவை அவர் டிக்கெட் கேட்கவில்லை.

“சரிம்மா,” என்றார். “சாயங்கால வேளை இனிமே என்னோடது.”