மேல் தாழ்ப்பாள்

அந்தச் சின்ன விமானதளத்தில் எல்லோரும் அவளை ‘ஸ்பேனர்’ என்றே கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருஷம் அங்கே மெக்கானிக்காக இருந்தவள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் பைலட்டுகள் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நில அளவைக்காகப் படம் எடுக்கக் கிளம்பிய குட்டி விமானம், தரையை விட்டு எழும்பிய கையோடு ஒருபக்கமாகச் சாய்ந்து வேலியில் போய்ச் சொருகியது. ஓட்டிய கேப்டனுக்கு நெற்றியில் ஒரு கீறல். பின்னால் இருந்த கேமராக்காரருக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது.

“கதவுத் தாழ்ப்பாள் தேஞ்சு போச்சு. ஓடும்போதே தானா திறந்துக்கிச்சு. மெக்கானிக் பாக்கவே இல்ல,” என்றார் கேப்டன் விசாரணையில். கதவு சப்பளிந்து கிடந்ததால் சோதித்துப் பார்க்க வழியில்லை. அவள் உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் கேப்டன் அவள் தோளில் தட்டி, “மனச விட்டுடாதம்மா, தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்,” என்றார். உரிமம் போனதைவிட அந்தத் தட்டுதான் அவளுக்கு எரிந்தது.

பிறகு தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடையில் வேலை. “விட்டுத் தொலையேன்,” என்றார் கணவர்.

“அந்தத் தாழ்ப்பாள நானே பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அத நாலு பேர் முன்னாடி அவன் வாயாலயே சொல்ல வெக்காம விடமாட்டேன்.”

கேமராக்காரர் வீட்டுக்குப் போனாள். “எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தீங்க?” என்று முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்தினார். மறுபடி போனாள். ஆறாவது தடவை உள்ளே விட்டார்.

“அன்னிக்கு உங்க கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சா?”

“ஓடுச்சு, முன்பக்கம் பாத்து மடியில வெச்சிருந்தேன். எல்லாம் நொறுங்கிப் போச்சுன்னு விசாரணையில சொல்லிட்டேன். அந்தச் சத்தத்த இன்னொரு தடவ கேக்க எனக்குத் தெம்பில்ல.”

“சத்தத்த அணைச்சுட்டுப் பாப்போம்.”

பார்த்தார்கள். கேப்டன் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு சிரிக்கிறார். கதவை இழுத்துக் கீழ்த் தாழ்ப்பாளை மட்டும் போடுகிறார். மேல் தாழ்ப்பாள் பக்கம் கை போகவே இல்லை. விமானம் எழும்பும்போது கதவின் மேல்முனை விரிகிறது. அதனால் விமானம் விழாது. கண்டுகொள்ளாமல் பறந்து, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியிருந்தால் போதும். அவரோ ஓட்டும் பிடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுக்கிறார்.

“அடப்பாவி!” என்றார் கேமராக்காரர். “இன்னிக்கே கொண்டுபோய்க் குடுங்க.”

“இல்ல. ஒம்பது நாள்ல பைலட்டுங்க கிளப்புல பாதுகாப்புக் கூட்டம். பேசப்போறது அவன்தான். படத்த அங்க போடுறேன்.”

“அதுக்குள்ள இன்னொருத்தர ஏத்திக்கிட்டுப் போய் விழுந்தா?”

அவள் படத்தின் நகலோடு கிளம்பினாள். அந்த ஒன்பது நாளும் கடைக்கு மேலே இன்ஜின் சத்தம் கேட்டபோதெல்லாம் கை அப்படியே நின்றது. ஆனாலும் போய்க் கொடுக்கவில்லை.

கூட்டத்தில் நாற்பது பேர். முன்வரிசையில் விசாரணை அதிகாரி. “டேக்-ஆஃப்ல ஒரு நொடி கவனம் சிதறுச்சுன்னா...” என்று கேப்டன் ஆரம்பித்தபோது கேமராக்காரர் ஊன்றுகோலோடு மேடையேறினார். அவரைத் தடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. இம்முறை படம் திரையில் சத்தத்தோடு ஓடியது. போன் பேச்சு, சிரிப்பு, பிறகு அந்த அலறல்.

அவள் எழுந்தாள். “கதவ யாரு பூட்டணும் கேப்டன்?”

“அது வந்து...”

“யாரு பூட்டணும்?”

“நான்தான்.”

“மைக்ல சொல்லுங்க.”

சொன்னார்.

அவருடைய உரிமம் போனது; அவளுடையது திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்க வந்த கேப்டனை அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள். “இப்ப ஆறுச்சா?” என்று கணவர் கேட்டார். “நல்லா ஆறுச்சு,” என்றாள். பொய்யில்லை.

விமானதளத்தில் மறுபடி சேர்ந்த அன்று பறப்புப் பதிவேட்டைப் புரட்டினாள். அந்த ஒன்பது நாளில் கேப்டன் பதினோரு முறை பறந்திருந்தார். அதில் ஒரு தடவை, ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும்.

அன்று சாயங்காலம் கேமராக்காரருக்குப் போன் செய்து அதைச் சொன்னாள். “ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போவான்னு எனக்கு அப்பவே தெரியும், சொன்னேன்ல,” என்றார் அவர். “இனிமே கூப்பிடாதீங்க.”